பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளின் நித்திரை: ஒளி எந்த இடத்தில் தடைப்படுகிறது?

பார்வையில்லாத பிள்ளைக்கு இரவும் பகலும் ஒன்றுதானே என்று யாழ்ப்பாணத்தில் சாதாரணமாகச் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து விளையாடத் தொடங்கும் பிள்ளையைப் பற்றியும், வகுப்பறையில் மேசையில் தலைவைத்து உறங்கிவிடும் பிள்ளையைப் பற்றியும் உறவினரும் அயலவரும் பெற்றோருக்கு ஆறுதலாகக் கூறும் கூற்று இது. பார்வையை முற்றாக இழந்த பிள்ளைகள் பலரைப் பொறுத்தவரை இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. அவர்களின் உடலுக்கு உலகத்தின் இரவும் பகலும் எட்டுவதில்லை. ஆனால் வேறு சில பிள்ளைகளுக்கு, கண்ணெதிரே கை அசைவதுகூடத் தெரியாதபோதும், உடல் பகலைப் பகலென்றும் இரவை இரவென்றும் சரியாக அறிந்திருக்கும். இவ்விரு வகையினரையும் பிரித்தறியாமல் கொடுக்கப்படும் அறிவுரையும் மருந்தும் பெரும்பாலும் வீணாகின்றன. பிள்ளைக்கு எவ்வளவு தெரிகிறது என்பதை மட்டும் கேட்டால் போதாது. ஒளி பிள்ளையின் உடற்கடிகாரத்தைச் சென்றடைகிறதா என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கான விடையை முதலாவதிலிருந்து நேரடியாகப் பெற முடியாது.

மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதலமஸ் எனப்படும் பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்களைக் கொண்ட சிறிய திரள் ஒன்று இருக்கிறது. நித்திரை, உடல் வெப்பநிலை, பசி, பல ஓமோன்களின் சுரப்பு ஆகியவற்றின் நாளாந்த ஏற்ற இறக்கத்தை நடத்தும் தலைமைக் கடிகாரம் இதுவே. சில மரபணுக்கள் தாம் உருவாக்கிய புரதங்களாலேயே அடக்கப்படுவதும், அப்புரதங்கள் சிதைந்தபின் மீண்டும் இயங்கத் தொடங்குவதுமான சுழற்சி ஒவ்வொரு கலத்துக்குள்ளும் நடைபெறுகிறது. பழ ஈக்களில் இதை ஆராய்ந்து விளக்கிய ஜெஃப்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகியோருக்கு 2017 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கடிகாரம் தானாக ஓடும். ஆனால் சரியாக 24 மணித்தியாலத்தில் ஒரு சுற்றை முடிப்பதில்லை. மனிதரில் அதன் சராசரிச் சுற்று ஏறத்தாழ 24.2 மணித்தியாலங்கள். எனவே நாளொன்றுக்குச் சுமார் பன்னிரண்டு நிமிடங்கள் பிந்திச் செல்ல முற்படும் கடிகாரத்தை ஒவ்வொரு நாளும் யாராவது முன்னுக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்வது ஒளி, அதிலும் குறிப்பாகக் காலை ஒளி.

அந்த ஒளி செல்லும் பாதை, நாம் பொருட்களைக் காணும் பாதை அல்ல. காண்பதற்கு விழித்திரையிலுள்ள கோல்கலங்களும் கூம்புக்கலங்களும் தேவை. கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புபவை விழித்திரையின் உட்படையிலுள்ள வேறொரு சிறு தொகுதி நரம்புக் கலங்கள். அவற்றில் மெலனொப்சின் என்னும் ஒளியுணர் புரதம் உண்டு. 1998 இல் தவளைத் தோலின் நிறக் கலங்களில் முதன்முதலாக இனங்காணப்பட்ட இப்புரதம் பின்னர் பாலூட்டிகளின் விழித்திரையிலும் இருப்பது தெரியவந்தது. கோல்களின் உதவியோ கூம்புகளின் உதவியோ இன்றி இக்கலங்கள் தாமாகவே ஒளிக்குத் துலங்குகின்றன என்பது 2002 இல் உறுதிப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 480 நானோமீற்றர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கே அவை மிகவும் உணர்திறன் கொண்டவை. அவற்றிலிருந்து புறப்படும் இழைகள் பார்வை நரம்பின் வழியாகவே சென்றாலும், அவற்றுள் பல காட்சியை உணரும் மூளைப் பகுதிக்குப் போகாமல் நேரே கடிகாரத்தில் முடிகின்றன.

இந்தக் கலங்கள் கண்டறியப்படுவதற்கு முன்பே, 1995 இல், அமெரிக்க நித்திரை ஆய்வாளரான சார்ள்ஸ் சைஸ்லரும் அவருடைய குழுவினரும் பார்வையற்றோரிடம் செய்த ஆய்வொன்று கண் வைத்தியத்தின் பழைய நம்பிக்கையொன்றை அசைத்தது. இரவில் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி, உடலுக்கு இரவை அறிவிக்கும் மெலற்றோனின் என்ற ஓமோனைச் சுரக்கும் வேளையில் கண்ணில் பிரகாசமான ஒளி பட்டால் அச்சுரப்பு குறையும். ஒளியை உணரவே முடியாத பார்வையற்றோர் சிலரிடமும் அவ்வாறே மெலற்றோனின் குறைந்தது. கண்களை மூடிக்கட்டியபோது அது குறையவில்லை. அவர்கள் ஒளியைக் காணவில்லை, ஆனால் அவர்களின் உடல் அதைப் பெற்றுக்கொண்டிருந்தது. அதுவரை எதற்கும் உதவாதவை என்று கருதப்பட்ட கண்கள் சிலருக்கு நாள்தோறும் வேலை செய்துகொண்டிருந்தன என்பதை வைத்தியர்கள் ஏற்க வேண்டியதாயிற்று.

ஆகவே நோய் எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பெற்றோர் அறிய வேண்டிய முதல் விடயம். லெபர் பிறவிக் குருடு போன்ற பரம்பரை விழித்திரை நோய்களில் முதலில் அழிபவை கோல்களும் கூம்புகளும் ஆகையால், உட்படையிலுள்ள மெலனொப்சின் கலங்கள் நெடுங்காலம் பிழைத்திருக்கக்கூடும். பார்வை மிகவும் மோசமாக இருந்தும் நித்திரை ஒழுங்காக இருக்கலாம். (இந்நோய்களில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள மரபணு வரும்போது மட்டுமே தோன்றுபவை. மச்சான், மச்சாள் முறையில் திருமணம் செய்யும் குடும்பங்களில் இவற்றின் வாய்ப்புக் கூடுவதற்குக் காரணம் இதுவே. அதைச் சொல்வது எவரையும் குற்றஞ்சாட்டுவதற்காக அன்று.) குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் விழித்திரை நோய் முற்றி விழித்திரை முழுவதும் பிரிந்துவிட்டாலோ, கண்ணினுள் அழுத்தம் கூடும் பிறவிக் குளோக்கோமாவால் பார்வை நரம்பு நலிந்துவிட்டாலோ, கடிகாரத்துக்கான வழியும் சேர்ந்து அடைபடும் வாய்ப்பு அதிகம். கண்களே உருவாகாமல் பிறந்த பிள்ளைக்கும், விழித்திரைப் புற்றுநோயால் இரு கண்களும் அகற்றப்பட்ட பிள்ளைக்கும் அவ்வழி அறவே இல்லை. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் நிலைமை நேரெதிரானது: கண்ணும் பார்வை நரம்பும் பெரும்பாலும் நன்றாக இருப்பதால் ஒளி கடிகாரத்தை அடையும், ஆனால் வலிப்பு, தசை இறுக்கம், அவற்றுக்கான மருந்துகள் ஆகியவை நித்திரையை வேறு வழியில் குலைக்கும்.

பார்வை நரம்பு போதிய வளர்ச்சியின்றிப் பிறக்கும் பிள்ளைகளைத் தனியே குறிப்பிட வேண்டும். இவர்களுள் பலருக்கு ஹைப்போதலமசும், அதன்கீழ் இருந்து பல ஓமோன்களைச் சுரக்கும் கபச் சுரப்பியும்கூடக் குறைபாட்டுடன் இருப்பதுண்டு. ஒளி வரும் பாதையும் கடிகாரம் அமைந்துள்ள இடமும் ஒருங்கே பாதிக்கப்படலாம் என்பதால் நித்திரைக் குழப்பம் கடுமையாக இருக்கும். அதைவிட முக்கியமாக, வளர்ச்சி குன்றுதல், இரத்தத்தில் சீனி தாழ்தல், காய்ச்சலின்போது திடீரென்று சோர்ந்து விழுதல் ஆகியவை ஓமோன் குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். இத்தகைய பிள்ளையின் நித்திரையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஓமோன் பரிசோதனை செய்யப்பட்டுள்ளதா என்று யாழ் போதனா வைத்தியசாலையிலோ தாம் செல்லும் வேறு வைத்தியசாலையிலோ குழந்தைநல வைத்திய நிபுணரிடம் கேட்பது பெற்றோரின் கடமை.

ஒளி கடிகாரத்தை எட்டாதபோது நிகழ்வதை எளிய கணக்கொன்றால் காட்டலாம். ஒரு பிள்ளையின் கடிகாரம் 24.5 மணித்தியாலத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது என்று கொள்வோம். இன்று இரவு ஒன்பது மணிக்கு வரும் நித்திரை நாளை ஒன்பதரைக்கும் மறுநாள் பத்து மணிக்கும் வரும். 24 நாட்களில் அது காலை ஒன்பது மணிக்கு வந்துவிடும். அப்போது ஊர் விழித்திருக்கும் நேரம் பிள்ளையின் உடலுக்கு நள்ளிரவு, ஊர் உறங்கும் நேரம் அதற்கு நண்பகல். 48 நாட்களில் சுற்று முழுமையடைந்து, எதுவும் நடக்காததுபோலப் பிள்ளை மறுபடியும் இரவு ஒன்பது மணிக்கு உறங்கும். இது 24 மணி அல்லாத நித்திரை விழிப்புக் குழப்பம் என்று அழைக்கப்படுகிறது. ஒளியை அறவே உணராத பார்வையற்றோரில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பார்வையுள்ளவர்களில் இது மிகவும் அரிது. கடிகாரம் தற்செயலாக 24 மணித்தியாலத்துக்கு மிக அண்மையில் ஓடுபவர்களும், ஒளியல்லாத வேறு குறிப்புகளைப் பற்றிக்கொண்டு ஒழுங்கில் நிற்பவர்களும் ஒளியை உணராத பார்வையற்றோரில் எஞ்சியோருள் அடங்குவர்.

வீட்டில் இந்தச் சுற்று அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. ஏனெனில் பாடசாலை 7.30 மணிக்குத் தொடங்குகிறது. தாய் பிள்ளையை ஐந்தரைக்கே எழுப்பிக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்து அனுப்பியாக வேண்டும். கடிகாரம் எங்கு நின்றாலும் பிள்ளை இழுத்து எழுப்பப்படுகிறது. எனவே நித்திரை நாளுக்கு நாள் நகர்வதாகத் தோன்றாமல், சில கிழமைகள் நன்றாகவும் சில கிழமைகள் மோசமாகவும் மாறிமாறித் தோன்றும். “இரண்டு கிழமை நல்லாய்ப் படுத்தவன், இப்ப திரும்பவும் தொடங்கீட்டான்” என்று ஒரு தாய் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தில் நோயின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கலாம். நடுச்சாமத்தில் சோறு கேட்பது, பகல் உணவை மறுப்பது, காரணமின்றிச் சினப்பது ஆகியவையும் இச்சுற்றின் பகுதிகளே. பசியும் உடல் வெப்பமும் மனநிலையும் அதே கடிகாரத்தைத்தான் பின்பற்றுகின்றன.

இவ்வாறு மாறிமாறி வருவதால் இன்னொரு சிக்கலும் உண்டு. நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான் வீட்டார் ஏதாவது செய்வார்கள். நாவூறு கழிப்பார்கள், கோயிலில் நூல் கட்டுவார்கள், பாமசியில் கேட்டு ஒவ்வாமைக்குரிய, மயக்கம் தரும் பாணி மருந்தொன்றை வாங்கிக் கொடுப்பார்கள், அல்லது அடித்துத் திருத்தப் பார்ப்பார்கள். கடிகாரம் தன் போக்கிலேயே நகர்ந்து நல்ல பகுதிக்கு வந்ததும், அப்போது கையிலிருந்த பரிகாரம் எதுவோ அதற்கே முழுப் பெருமையும் போய்ச்சேரும். அடுத்த சுற்றில் அதே பரிகாரம் பலிக்காதபோது மருந்தின் அளவு கூட்டப்படும், அல்லது அடியின் அளவு கூட்டப்படும். பாணி மருந்து பிள்ளையை மயங்கச் செய்யலாமே தவிரக் கடிகாரத்தை ஒரு நிமிடம்கூடத் திருத்தாது. மறுநாள் பகல் மந்தமாகக் கழியும், அவ்வளவே. அடியைப் பற்றி விளக்கவும் வேண்டுமா?

பார்வையற்ற பிள்ளையின் நித்திரையின்மை எல்லாவற்றுக்கும் கடிகாரத்தையே குற்றஞ்சாட்டுவதும் அதே அளவு தவறு. ஒலியாலும் தொடுகையாலும் மட்டுமே தன்னைச் சூழ்ந்தோரை அறியும் பிள்ளைக்கு, வீட்டின் குரல்கள் அடங்குவது தனிமைப்படுவதாகும். அம்மம்மா பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும்வரை உறங்க மறுக்கும் பிள்ளை இயல்பான அச்சத்தையே வெளிப்படுத்துகிறது. விழுந்துவிடும் என்று அஞ்சி நாள் முழுவதும் விறாந்தையில் இருத்தி வைக்கப்படும் பிள்ளைக்கு உடல் களைப்பே ஏற்படுவதில்லை. நடுக்கூடத்தில் எல்லோரும் படுக்கும் வீட்டில் பத்து மணிவரை தொலைக்காட்சி நாடகம் ஓடினால், பார்வையுள்ள பிள்ளையைவிடச் செவியையே நம்பியிருக்கும் பிள்ளைக்குத்தான் அது அதிக இடையூறு. திருவிழாக் காலத்து ஒலிபெருக்கியும் அவ்வாறே. கண் உறுத்தல், குளோக்கோமாவின் வலி, நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல், இரும்புச்சத்துக் குறைவால் கால்கள் அமைதியின்றி இருத்தல், இரவில் வரும் வலிப்பு ஆகியவற்றையும் வைத்தியர் விலக்கிப் பார்க்க வேண்டும்.

இவற்றைக் கடிகாரக் குழப்பத்திலிருந்து வேறுபடுத்த ஒரு கொப்பியும் பேனாவும் போதும். பிள்ளை எப்போது படுக்கைக்குப் போனது, எப்போது உறங்கியது, இரவில் எப்போது விழித்தது, பகலில் எப்போது, எவ்வளவு நேரம் உறங்கியது என்பவற்றைத் தாயோ தந்தையோ நாள்தோறும் குறித்துவர வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் 24 கட்டங்கள் கொண்ட ஒரு வரியை ஒதுக்கி, உறங்கிய மணிகளைக் கரியாக நிரப்பினால், பக்கத்தைப் பார்த்த மாத்திரத்திலேயே பல விடயங்கள் புலப்படும். அச்சத்தாலோ பழக்கத்தாலோ வரும் விழிப்பு ஏறத்தாழ ஒரே நேரத்தில் நேர்கோடாக நிற்கும். கடிகாரம் நகர்ந்தால் கரிய பகுதி பக்கத்தில் சரிவாக இறங்கிச் செல்லும். இரண்டு கிழமைப் பதிவு குறைந்தபட்சத் தேவை. ஆனால் சுற்று நாற்பது ஐம்பது நாட்கள் நீடிக்கக்கூடியதாகையால் ஆறு அல்லது எட்டுக் கிழமைப் பதிவே உண்மையைக் காட்டும். பாடசாலை விடுமுறையில், எழுப்பும் கட்டாயம் இல்லாத நாட்களில் எடுக்கப்படும் பதிவு இன்னும் தெளிவானது. கையில் கட்டும் அசைவுமானியும் உமிழ்நீரில் அல்லது சிறுநீரில் செய்யப்படும் மெலற்றோனின் அளவீடும் உலகின் பெரிய நித்திரை ஆய்வு நிலையங்களில் பயன்படுகின்றன. அவை இல்லாதவிடத்து இந்தக் கொப்பியே போதிய சான்று. கிளினிக்கில் கிடைக்கும் சில நிமிடங்களில் வைத்தியரின் முன் வைப்பதற்கு இதைவிடப் பயனுள்ளது வேறில்லை என்பது என் எண்ணம்.

ஒளி கடிகாரத்தை அடையும் பிள்ளைக்குக் காலை ஒளியே முதல் மருந்து. யாழ்ப்பாணம் இவ்வகையில் கொடுத்துவைத்த இடம். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் இங்கு பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ பதினொன்றரை மணித்தியாலத்துக்கும் பன்னிரண்டே முக்கால் மணித்தியாலத்துக்கும் இடையிலேயே மாறுகிறது. குளிர்நாட்டுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் இருட்டில் பாடசாலைக்குப் போவதுபோன்ற நிலை இங்கில்லை. வீட்டினுள் மின்விளக்கு தரும் வெளிச்சம் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டுமே. வெளியில் மரநிழலில்கூட அது பல ஆயிரம் லக்ஸ். ஆகவே எழுந்தவுடன் அரை மணித்தியாலம் முற்றத்தில் நடக்கவிடுவது, வேலியோரத்துப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றவிடுவது, முடியுமானால் பாடசாலைக்கு நடத்திக் கூட்டிச்செல்வது ஆகியவை செலவில்லாத வைத்தியம். சூரியனை நேராகப் பார்க்கச் செய்ய வேண்டியதில்லை; செய்யவும் கூடாது. ஒளியால் கண் கூசி நோகும் பிள்ளைக்கும் அண்மையில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிள்ளைக்கும் கண் வைத்தியரின் சொற்படி நடக்க வேண்டும். இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: பார்வையில்லாத பிள்ளைதானே, லைற் எரிந்தால் என்ன என்று இரவில் பிரகாசமான வெள்ளை விளக்கை எரியவிட்டால், காணாத கண் வழியாகவே அது கடிகாரத்தைப் பிந்தச் செய்யும்.

ஒளி அறவே எட்டாத பிள்ளைக்கு எஞ்சியிருப்பவை ஒழுங்கான சாப்பாட்டு நேரம், உடலசைவு, குளியல், பேச்சு முதலிய ஒளியல்லாத குறிப்புகள். அதிகாலைக் கோயில் மணி, பாண் வண்டியின் இசை, காகம் கரைதல், அடுப்படிச் சத்தம் ஆகியவற்றால் பார்வையற்ற பிள்ளை மணியை வியக்கத்தக்க அளவு துல்லியமாகச் சொல்லும். ஆனால் மணியை அறிவது வேறு, உடற்கடிகாரம் திருத்தப்படுவது வேறு. இரவு பன்னிரண்டு மணி என்று நன்றாகத் தெரிந்திருந்தும் நித்திரை வராமல் படுத்திருப்பதே இப்பிள்ளைகளின் துயரம். ஒழுங்கான நேரங்கள் கடிகாரத்தை ஓரளவு இழுத்துப்பிடிக்கும். பலரில் அவை மட்டும் போதுமானவையல்ல. இருந்தும் அவற்றைக் கைவிடக்கூடாது, ஏனெனில் மருந்து வேலை செய்வதற்கும் அவை அடித்தளமாக வேண்டியிருக்கின்றன. பகல் நித்திரையை முற்றாகத் தடுப்பதைவிட, மதியத்துக்குப் பின் அரை மணித்தியாலத்துக்கு மட்டுப்படுத்துவது நடைமுறைக்கு ஏற்றது. மொத்தமாகப் பார்த்தால் ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியாலங்களும், பதின்ம வயதினருக்கு 8 முதல் 10 மணித்தியாலங்களும் நித்திரை வேண்டும்.

மெலற்றோனின் 1958 இல் அமெரிக்கத் தோல் வைத்தியரான ஆரன் லேர்னர் குழுவினரால் பிரித்தெடுக்கப்பட்ட ஓமோன். அதைப் பலர் நித்திரைக் குளிசை என்று கருதுகிறார்கள். கடிகாரக் குழப்பத்தில் அது நேரக் குறிப்பாகவே பயன்படுகிறது. மாலையில் கொடுத்தால் கடிகாரம் முன்னுக்கு நகரும், காலையில் கொடுத்தால் பின்னுக்கு நகரும். பிழையான நேரத்தில் கொடுக்கப்பட்ட சரியான மருந்து நிலைமையை மோசமாக்கக்கூடும். 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் பார்வையற்ற வளர்ந்தோர் ஏழு பேருக்கு 10 மில்லிகிராம் மெலற்றோனின் நாள்தோறும் படுக்கும் நேரத்துக்கு முன்பு கொடுக்கப்பட்டபோது, ஆறு பேரின் கடிகாரம் 24 மணித்தியால ஒழுங்குக்கு வந்தது. அதன்பின் 0.5 மில்லிகிராம் அளவுகூடச் சிலருக்குப் போதுமென்றும், அளவைக் கூட்டுவது எப்போதும் நன்மை தராதென்றும் தெரியவந்தது. கலங்களில் மெலற்றோனின் சென்று பற்றும் அதே ஏற்பிகளில் செயற்படும் டாசிமெல்ற்றியோன் என்ற மருந்து 2014 இல் அமெரிக்காவில் வளர்ந்தோருக்கு இந்நோய்க்காக அனுமதிக்கப்பட்டது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அனுபவம் நம்பிக்கையூட்டுவதாக இருந்தாலும், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளில் முறைப்படி நடத்தப்பட்ட தரமான ஆய்வுகள் மிகமிகக் குறைவு. ஆகையால் வெளிநாட்டிலுள்ள மாமாவோ சித்தியோ அன்போடு அனுப்பிவைக்கும் போத்தலைத் திறந்து தாமாகக் கொடுப்பதைப் பெற்றோர் தவிர்க்க வேண்டும். பிள்ளை வலிப்புக்கு மருந்து எடுப்பதாயின் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். நித்திரைப் பதிவைக் கொண்டுசென்று, எந்த மணிக்குக் கொடுப்பது, எத்தனை கிழமைகளின் பின் பலனை மதிப்பிடுவது என்பவற்றை வைத்தியரோடு தீர்மானித்தபின் தொடங்குவதே முறை. சரிவாக இறங்கும் கோடு மாலைப் பக்கம் வந்துசேரும் நாட்களில் தொடங்கினால் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்துவது எளிது.

இவ்விடத்தில் கண்ணை அகற்றுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். விழித்திரைப் புற்றுநோயில் கண்ணை எடுப்பது உயிரைக் காப்பதற்காக. அதில் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. ஆனால் சுருங்கிப்போன, பார்வையற்ற கண்ணைத் தோற்றத்துக்காக எடுத்துச் செயற்கைக் கண் பொருத்தலாம் என்ற யோசனை வரும்போது, அக்கண் வழியாகக் கடிகாரத்துக்கு ஒளி போகிறதா, பிள்ளையின் நித்திரை இப்போது ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். ஒழுங்காக இருந்தால், அதற்குக் காரணம் அந்தக் கண்ணாகவே இருக்கலாம். கண்ணை எடுக்காமல் அதன்மேல் அணியக்கூடிய மெல்லிய ஓடு போன்ற செயற்கைக் கண்ணும் இருக்கிறது. ஆயினும் அது மெலனொப்சின் கலங்களுக்குச் செல்லும் ஒளியை மறைக்கும் என்பதால், அணியும் நேரத்தையும் கண் வைத்தியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும்.

கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்களில் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர்களும் விடுதிப் பொறுப்பாளர்களும் இவ்விடயத்தில் பெற்றோரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்கள். விடுதியில் உணவுக்கும் படிப்புக்கும் விளையாட்டுக்கும் மணி அடிக்கும் நேரம் மாறாது. பல பிள்ளைகளின் நித்திரையை ஒரே கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். விடுமுறையில் வீட்டுக்குப் போய்வரும் பிள்ளை தவணையின் முதல் இரண்டு கிழமை உறங்கிவழிந்தால், அது வீட்டில் ஒழுங்கு தளர்ந்ததாலா, கடிகாரமே நகர்வதாலா என்பதை அடுத்தடுத்த தவணைகளின் பதிவு காட்டிக்கொடுக்கும். பருவமடையும் வயதில் எல்லாப் பிள்ளைகளின் கடிகாரமும் பிந்துவது இயல்பு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவரிடம் இந்த இரண்டு பிந்துதலும் ஒருங்கே சேரும். பரீட்சைத் திகதி மாற்ற முடியாதது, ஆனால் நித்திரைச் சுற்று எந்தக் கிழமையில் எங்கு நிற்கும் என்பதைப் பதிவிலிருந்து ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். அந்த நாட்கள் மோசமான பகுதியில் விழும் என்று தெரிந்தால், சிகிச்சையைக் குறைந்தது சில மாதங்களுக்கு முன்பே தொடங்குமாறு வைத்தியரிடம் கேட்கவும், பரீட்சைக்கு முன்னான மீட்டல் வகுப்புகளைப் பிள்ளை விழிப்பாக இருக்கும் நேரத்துக்கு மாற்றவும் பாடசாலையால் முடியும்.